மூடிக்கு மேலே படித்தவர்கள்

இது ஒரு பாராட்டுரை. சென்னைப் புறநகரில், பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேராத ஒரு தெருவில், அறுபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம் இருக்கிறது. அங்கே குடியிருப்போரைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். வளாகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பெருமை போய்ச் சேரும். அதே பெருமைக்கு உரிய வளாகங்கள் தாம்பரத்திலும் மதுரையிலும் கோவையிலும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன.

முதலில் அவர்களுடைய படிப்பைச் சொல்ல வேண்டும். எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு பட்டதாரி திறப்பார். வேதியியலில் முனைவர், கட்டடப் பொறியாளர்கள், குழந்தைநல மருத்துவர், உயர் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மாடிக்கு மாடி மென்பொருள் துறையினர். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அப்பா காணியை அடகு வைத்தார், அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். இந்தக் கதைகளைப் பொங்கல் விழா மேடையில் அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்; கண் கலங்காமல் கேட்க முடியாது. அவர்களுக்குப் பின்னால் ஒரு மாநிலமே நின்றிருக்கிறது. 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-ல் காமராசர் காலத்தில் ஊர் ஊராகப் பரவத் தொடங்கியது. இட ஒதுக்கீடு வந்தது, பள்ளிக் கட்டணம் போனது, பஸ் பாஸ் வந்தது, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை வந்தது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்களும் இந்த வளாகத்தில் உண்டு. நூறு ஆண்டுகளாக இந்த மாநிலம் பட்ட பாடு வீண்போகவில்லை என்பதற்கு இவர்களைவிட வேறு சாட்சி வேண்டாம்.

படித்த படிப்பை அவர்கள் அலமாரியில் வைத்துப் பூட்டவும் இல்லை. கட்டித் தந்தவர்கள் வாகன நிறுத்தத்தில் ஏமாற்றப் பார்த்தபோது, வழக்கறிஞர் ஒரு ரூபாய் வாங்காமல் வழக்கை நடத்தி வென்று கொடுத்தார். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பொறியாளர்கள் வரிவரியாகப் படித்துத் திருத்தினார்கள். மொட்டைமாடியில் சூரிய மின்தகடு, கிணற்றுக்கு மழைநீர், பூங்காவுக்கு மக்கும் குப்பை உரம். தண்ணீர் லாரி வந்தால் டிடிஎஸ் மீட்டரை உள்ளே விட்டு உப்பின் அளவைப் பார்த்த பிறகுதான் வாங்குவார்கள். கூடுதலாகக் காட்டினால் லாரி அப்படியே திரும்ப வேண்டியதுதான். அந்தக் கருவியை வாங்கித் தந்து, பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் வேதியியல் முனைவர். உள்ளே வரும் தண்ணீரை இவ்வளவு கருத்தோடு அளக்கும் மக்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வெளியே போகும் தண்ணீர் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் உள்ள செப்டிக் டேங்குக்குப் போகிறது. நடுவில் தடுப்புச் சுவர், இரண்டு அறைகள். கனமானது முதல் அறையின் அடியில் படியும், தெளிந்தது சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகும். படிந்த கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சிவிட வேண்டும். காலத்தில் உறிஞ்சினால் குழம்பாக வந்துவிடும், யாரும் இறங்கத் தேவையில்லை. விட்டுவைத்தால் இறுகும். அங்கே விட்டுவைத்தார்கள். வளாகப் பராமரிப்புச் செலவை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கிய கணக்காளரின் திறமைக்கு அதில் பங்குண்டு. இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி இருந்தது. ஒன்றின் மேல் இப்போது டைல்ஸ் பதித்திருக்கிறது. பொறியாளர்கள் தாங்களே நின்று மட்டம் பார்த்துப் போட்ட தளம் அது. ஓர் அங்குல மேடுபள்ளம் கிடையாது, பிள்ளைகள் அதில் ஸ்கேட்டிங் பழகுகிறார்கள். மிச்சமிருக்கும் ஒரு மூடி வழியாக லாரிக் குழாய் முதல் அறையின் ஒரு மூலையைத்தான் எட்டுகிறது. கழிப்பறையில் போடக் கூடாத நாப்கினும் துடைப்புத் தாளும் வந்து குழாயின் வாயை அடைத்துக்கொள்கின்றன. ஒரு மனிதர் அந்தக் குழிக்குள் இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலை ஒரே நாளில் வருவதில்லை. பல ஆண்டுகளாக, பல பேருடைய கவனமான வேலையால் வருகிறது.

அப்படி அது வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே உறவினர் வீட்டில் இருந்தேன்.

லாரி ஏழு மணிக்கு வந்தது. அரை மணி நேரம் மோட்டார் ஓடியது. பிறகு ஓட்டுநர் மோட்டாரை நிறுத்திவிட்டுச் செயலாளரிடம் வந்தார்.

“இழுக்கல சார். மேல் தண்ணிதான் வருது. அடியில கட்டி தட்டிப் போச்சு.”

“அப்ப என்னப்பா பண்றது?”

“ஆள் இறங்கிக் கலக்கி விட்டாத்தான் வரும். அதுக்குத் தனியாப் போட்டுக் கொடுத்துருங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்? பத்து மணிக்கெல்லாம் எல்லாரும் வண்டி எடுக்கணுமே.”

செயலாளரின் பொறுப்புணர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அறுபது வீட்டாரின் பத்து மணியை அவர் மனத்தில் வைத்திருந்தார்.

லாரியோடு வந்த இருவரில் மூத்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையைக் கழற்றி லாரியின் கண்ணாடிக் கம்பியில் மாட்டினார். உடம்பு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். மூடியைக் கடப்பாறையால் முழுதாகப் புரட்டிப் போட்டு, குனிந்து அதன் அடிப்பக்கத்தையும் குழியின் பக்கச் சுவரையும் கூர்ந்து பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “கரப்பான் ஓடுதான்னு பார்க்கிறேன் சார். அது உசுரோட இருந்தா உள்ள மூச்சு இருக்குன்னு அர்த்தம்.” பிறகு நீளமான மூங்கிலை விட்டுக் கொஞ்சம் கலக்கிவிட்டு, விலகிப் போய் ஒரு பீடி பிடிக்கும் நேரம் காத்திருந்தார். வந்து மறுபடியும் கரப்பானைப் பார்த்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுமுனையை இளையவரிடம் கொடுத்தார். “மச்சான், தளர்த்திப் பிடி. ரெண்டு தடவ சுண்டினா தூக்கிரு. நீ எட்டிக்கிட்டி இறங்கிராத.” அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அன்று அந்த வளாகத்தில் விஷவாயு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

அதே நேரத்தில் இரண்டாம் மாடி பால்கனியில் வேதியியல் முனைவர் வந்து நின்றார். மூக்கைச் சுளித்தார். உள்ளே திரும்பி மகளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: “ஹைட்ரஜன் சல்ஃபைடும்மா. ஜன்னலைச் சாத்து.”

எவ்வளவு சரியான விடை! ஒரு மூச்சில் வாயுவைக் கண்டுபிடித்தார், அடுத்த மூச்சில் தன் பிள்ளையைக் காப்பாற்றினார். அந்த அறிவின் துல்லியத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அவருக்கு இன்னும் தெரியும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியின் அடியிலேயே தங்கும். இறுகிய கசடுக்குள் அடைபட்டுக் கிடந்து, கோலை விட்டுக் கலக்கும்போது ஒரேயடியாகக் கிளம்பும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப் போய், நாற்றமே நின்றுவிட்டது போலத் தோன்றும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று இறங்கியவர் நினைப்பார். எழுநூறைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். சாய்ந்தவரைப் பார்த்து, மேலே கயிறு பிடித்திருக்கும் மச்சானோ தம்பியோ மகனோ பதறிக் குதிப்பார். அவரும் சாய்வார். செய்தித்தாளில் இந்தச் சாவுகள் இரண்டும் மூன்றுமாகவே வருவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு முனைவர் பட்டம்கூட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்த எவரும் செய்முறைத் தேர்வில் உப்பு ஆய்வு செய்திருப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு, லெட் அசிட்டேட்டில் நனைத்த தாளைக் காட்டினால் கறுக்கும், சல்ஃபைடு உறுதி. முழு மதிப்பெண். அந்த வளாகத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். பதினேழு வயதிலேயே கற்றதை இன்றும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போன பிறகு பாடத்தை மறந்துவிடும் படிப்பு அல்ல அவர்கள் படித்தது.

இறங்கியவர் இருபது நிமிடத்தில் மேலே வந்தார். உயிரோடு வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோலச் சிவந்திருந்தது. செடிக்கு விடும் குழாயைத் திறந்து, கண்ணை நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். “எப்பவும் இப்படித்தான் சார். சாயங்காலம் வரைக்கும் எரியும். வெளிச்சம் பார்க்க முடியாது.”

அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்கு ஓர் இத்தாலியரின் நினைவு வந்தது. மோடெனா நகரில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். அந்த ஊரின் நெருக்கமான உயர்ந்த வீடுகளில் மலக்குழிகளைச் சில ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்து அள்ளுவது வழக்கம். ஒரு நாள் அவர் வீட்டுக்கே ஆள் வந்தார். வந்தவர் அரக்கப்பரக்க அள்ளுவதைப் பார்த்து, ஏன் இப்படி உடம்பை வருத்திக்கொள்கிறாய், மெதுவாகச் செய்தால் என்ன என்று ராமஸ்ஸினி கேட்டார். குழியிலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: நாலு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருந்தால் கண் போய்விடும், அனுபவித்துப் பார்க்காதவருக்கு இது தெரியாது. மருத்துவர் அவரை மேலே வரச் சொல்லிக் கண்ணைச் சோதித்தார். சிவந்து மங்கியிருந்தது. என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்குப் போய் இருட்டறையில் ஒரு நாள் அடைந்து கிடந்து வெந்நீரில் கழுவுவோம், வேறு மருந்து இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் பையிலிருக்கும் செப்புக்காசும் வெள்ளிக்காசும் கறுத்துப் போவதையும் அவர் குறித்துக்கொண்டார். நம் பள்ளிக்கூடத்து லெட் அசிட்டேட் தாள் செய்யும் வேலையை அன்று அந்தக் காசுகள் செய்திருக்கின்றன. அந்த உரையாடல் அவரை விடவில்லை. குயவர்களிடம் போனார், நெசவாளர்களிடம் போனார். 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் மலக்குழி அள்ளுபவர்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. முகத்தைப் பார்வை ஊடுருவும் உறையால் மூடிக்கொள்ளும்படி அதில் அவர்களுக்கு யோசனை சொன்னார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்த்தார். தொழில்சார் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்து கிளம்பியது.

ராமஸ்ஸினிக்கு அந்த வாயு இன்னதென்று தெரியாது. அதை வேதியியலார் அடையாளம் காண இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. நம் வளாகத்தின் குழந்தைநல மருத்துவருக்கு அவரைவிடப் பல மடங்கு தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய சேவையை நான் நேரில் அறிவேன். 2021 மே மாதத்தில், படுக்கை கிடைக்காமல் ஊரே தவித்தபோது, இரவு பகல் பார்க்காமல் வளாகத்தின் ஒவ்வொரு வீட்டையும் கவனித்துக்கொண்டவர் அவர். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி 94-க்குக் கீழே இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அறுபது வீட்டாருக்கும் பாடம் எடுத்தார். ஆக்சிஜன் குறைந்தால் மனிதர் எப்படிச் சாவார் என்பதைத் தமிழில், பாட்டிக்கும் புரியும்படி, அவரைப்போல விளக்கியவர்களை நான் கேட்டதில்லை. இன்றைக்கும் அங்கே ஆக்சிமீட்டர் இல்லாத வீடு கிடையாது. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம் இருக்க வேண்டும், மூடிக் கிடந்த குழியில் அது எங்கோ இறங்கியிருக்கும். இந்தப் பாடத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் உள்ள தூரம் கார் நிறுத்துமிடத்தின் தரையின் தடிமன்தான். அந்த ஞாயிறு காலையும் மருத்துவர் ஓய்வெடுக்கவில்லை. கீழ்த்தள அரங்கில், ஏழைப் பிள்ளைகளுக்கான இலவச மருத்துவ முகாமுக்குப் பெயர்ப்பலகை கட்டிக்கொண்டிருந்தார். மூடி திறந்திருந்த இடத்திலிருந்து முப்பது அடி இருக்கும்.

குழிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்பே வழக்கறிஞரும் கீழே வந்திருந்தார். 2013-ம் ஆண்டுச் சட்டத்தை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உரிய பாதுகாப்பு இல்லாமல் எவரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கக் கூடாது. இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இறக்கியவர் மாநகராட்சியாக இருந்தாலும் சரி, தனியாராக இருந்தாலும் சரி. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியதும் அவருக்கு மனப்பாடம். அத்தனை சட்ட அறிவையும் அவர் ஒரே தாளில் சுருக்கி எடுத்து வந்திருந்தார். வேலையின்போது ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் குடியிருப்போர் சங்கம் பொறுப்பாகாது. அந்த வாசகத்துக்குக் கீழே, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இறங்கப் போகிறவர் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. இப்படி ஒரு தாள் நீதிமன்றத்தில் நிற்காது என்பதும் வழக்கறிஞருக்குத் தெரியும். ஆனாலும் அண்டை வீட்டாரின் மன அமைதிக்காகச் சட்டத்தை இந்த அளவுக்குப் பயன்படுத்தத் தெரிந்தவர் கிடைப்பது அந்த வளாகத்தின் பாக்கியம்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே யார் பெயருக்குப் பின்னாலும் சாதி ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வீடு விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் சாதி கேட்பதில்லை என்று சங்க விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இது சாதாரணச் சாதனை இல்லை. இந்தியாவில் எத்தனையோ நகரங்களில் இன்றும் இது கனவு. லாரியோடு வந்த இருவரிடமும் அன்று யாரும் சாதி கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. தமிழ்நாட்டில் இந்தக் குழிகளில் பெரும்பாலும் அருந்ததியரும் ஆதிதிராவிடருமே இறங்குகிறார்கள் என்பது தலைமையாசிரியையிலிருந்து வாயிற்காவலர் வரை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த செய்தி. 1993-லிருந்து சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்துவரும் கணக்கில் நம் மாநிலத்தில் மட்டும் 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள். உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டின் பெரிய மாநிலங்களில் முன்வரிசையில் இருக்கும் அதே தமிழ்நாடு, இந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்துவருகிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் நெஞ்சுறுதி நமக்கு இருக்கிறது.

இறங்கியவருக்கான தனிக்கூலியை உடனே கையில் கொடுத்தார்கள், பேரம் பேசவில்லை. கணக்காளர் ரசீதுப் புத்தகத்தில் அதை ‘இதர செலவுகள்’ என்று எழுதினார். கணக்கு ரூபாய்க்கு ரூபாய் சரியாக இருந்தது.

இவர்களைவிடக் குறைந்த வசதியோடு, இவர்களுடைய படிப்பையே படித்த வேறு சிலர் செய்ததையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இரண்டு தொழிலாளர்கள் சிக்கினார்கள். காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு இறந்தார். கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த கேரளத்து இளம் பொறியாளர்கள் நான்கு பேரை அந்தச் செய்தி உலுக்கியது. ஆளுக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கி அள்ளும் இயந்திரத்தை அவர்கள் உருவாக்கினார்கள். ‘பேண்டிகூட்’ என்ற பெயரில் 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது, இன்று பல மாநிலங்களில் ஓடுகிறது. சென்னை ஐஐடியில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் செப்டிக் டேங்குக்கென்றே ‘ஹோமோசெப்’ என்ற கருவியைச் செய்தார்கள். இறுகிய கசடை ஆள் இறங்காமலே கிளறிக் கரைத்து உறிஞ்ச உதவும் கருவி அது. இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் வழிநடத்தும் சுய உதவிக் குழுக்களுக்கு அதன் முதல் கருவிகளைக் கொடுத்தார்கள். அந்தப் பொறியாளர்கள் படித்ததும் அதே பாய்ம இயக்கவியல்தான், அதே பொருள்களின் வலிமைதான். பரீட்சையில் அவர்கள் நம் வளாகத்துப் பொறியாளர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருப்பார்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன்.

நம் பொறியாளர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. டைல்ஸை ஓர் இடத்தில் பெயர்த்தெடுத்து இரண்டாம் மூடியை வெளியே கொண்டுவந்தால் போதும். முதல் அறைக்கு மறுகோடியில் இன்னொரு வாய் வைத்தால் லாரிக் குழாய் எல்லா மூலையையும் எட்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை லாரியை அழைத்தால் கசடு இறுகாது. இறுகாவிட்டால் கலக்க ஆள் வேண்டாம். கழிப்பறைக் கதவுகளில் ஒரு சீட்டு ஒட்டினால் நாப்கின் உள்ளே வராது. உரிமம் பெற்ற கழிவுநீர் வாகனத்துக்கு 14420 என்ற எண் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடைக் காட்டும் சிறு கருவி ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குக் கிடைக்கிறது. டிடிஎஸ் மீட்டரை வாங்கிய அதே கைகள் அதையும் வாங்கலாம், மாட்டி வைக்க அலுவலக அறையில் ஆணி இருக்கிறது.

இதைச் செய்ய அவர்கள் வேலையை விட்டுவிட்டு மலைக்கிராமத்துக்குப் போக வேண்டியதில்லை. மலைக்குப் போனவர்களும் உண்டு. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடியில் சிட்டிலிங்கிக்கு 1990-களின் தொடக்கத்தில் போன மருத்துவத் தம்பதியை ஊரே அறியும். எல்லாரும் அப்படிப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இந்த வளாகத்திலிருந்து கேட்கப்படும் சமூகத் தொண்டுக்குச் செருப்பு மாட்டத் தேவையில்லை, லிஃப்டில் கீழே இறங்கினால் போதும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கான அழைப்பிதழை உறவினர் எனக்குக் காட்டினார். நிகழ்ச்சி நிரலில் முதலில் உடற்பயிற்சிக்கூடத்துக்குக் குளிர்சாதனம். இரண்டாவது, மேல்படிப்புக்கு வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா. மூன்றாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ‘கல்வியால் சமூகத்துக்கு என்ன செய்யலாம்’ என்ற தலைப்பில் பேச்சுப்போட்டி. தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் தலைமையாசிரியை, நடுவர்கள் முனைவரும் மருத்துவரும் வழக்கறிஞரும். பரிசுத் தொகை தாராளமாகவே இருக்கிறது. நான்காவது, தலைவர் அனுமதியோடு எழுப்பப்படும் பிற பொருள்கள்.

நான்காவதில் இடம் இருக்கிறது. மூன்று நடுவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால், வாயுவைப் பற்றி ஒருவர், மூச்சைப் பற்றி ஒருவர், சட்டத்தைப் பற்றி ஒருவர் என்று ஒரே மாலையில் தீர்மானத்தை எழுதிவிடுவார்கள். இவர்கள் எழுதும் தீர்மானத்தில் ஒரு பிழையும் இருக்காது. டைல்ஸை உடைக்கும் செலவை அறுபது வீட்டுக்கும் பங்கு பிரித்தால், ஒரு வீட்டுக்கு வருவது ஒரு குடும்பம் ஒருமுறை ஓட்டலில் சாப்பிடும் தொகை. கணக்காளர் அதை இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டுவார். கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு.